குள்ளச் சிலந்தியில் புதிய இனம்: எதை வைத்துப் 'புதிது' என்கிறார்கள்?

குள்ளச் சிலந்தியில் புதிய இனம் ஒன்று விவரிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், கூடவே வரும் படம் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். இரண்டு மில்லிமீட்டர் நீளம், பழுப்போ கறுப்போ கலந்த நிறம், முதுகில் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் கோலமும் இல்லை. இதே தோற்றத்தில் நூற்றுக்கணக்கான சிலந்திகள் இருக்கும்போது இது மட்டும் எப்படிப் புதிதாகும்? இதுவரை யாருமே பார்க்கவில்லையா? ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அது முடிந்த முடிவா?

மூன்றும் நியாயமான கேள்விகள். விடைகளில் பாதி அந்தச் சிலந்தியின் அரை மில்லிமீட்டர் உறுப்பு ஒன்றில் இருக்கிறது. மீதி ஓர் அருங்காட்சியகக் குப்பிக்குள் இருக்கிறது. புதிய இனத்தின் பெயர் என்பது, ஒரே ஓர் உடலைச் சான்றாக வைத்து அறிவியலாளர்கள் முன்வைக்கும் ஒரு வாதம். பிற்பாடு வேறொருவர் அதைச் சோதிக்கலாம், மறுக்கலாம். குள்ளச் சிலந்திகளைப் போல இந்த வாதத்தைக் கடினமாக்கும் உயிரினங்கள் குறைவு.

குள்ளச் சிலந்தி என்பது எது?

லினிஃபியிடே என்ற குடும்பத்தில் 4,800-க்கும் அதிகமான சிலந்தி இனங்கள் பதிவாகியுள்ளன. குதிக்கும் சிலந்திகளின் குடும்பத்துக்கு அடுத்தபடியாக இதுதான் பெரியது. இதற்குள் எரிகோனினே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவையே குள்ளச் சிலந்திகள். உடல் நீளம் பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். உலகின் மிகச்சிறிய சிலந்திகள் இவைதாம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த இடம் வேறொரு குடும்பத்தின் பாட்டு என்ற பேரினத்துக்கு உரியது. அதில் பாட்டு டிகுவா என்ற இனத்தின் ஆண் ஏறக்குறைய 0.37 மி.மீ. மட்டுமே.

அளவு சிறியது என்பதற்காக மட்டும் ஒரு சிலந்தியை இந்தத் துணைக்குடும்பத்தில் சேர்ப்பதில்லை. பெண்ணின் பெடிபால்ப் நுனியில் நகம் இருக்காது. ஆணின் பெடிபால்பில் டிபியா என்ற கணுவிலிருந்து முளை ஒன்று நீண்டிருக்கும். பலவற்றில் மூச்சுக்குழாய்கள் வயிற்றோடு நிற்காமல், கிளைவிட்டுத் தலைமார்பு வரை போகும். பெடிபால்ப் என்பது வாயின் இருபுறமும், முதல் காலுக்கு முன்னால் இருக்கும் குட்டையான உறுப்பு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

மண்ணை ஒட்டி, சருகுக்கும் பாசிக்கும் புல்வேருக்கும் இடையில் சில சென்டிமீட்டர் அகலத்தில் தட்டையான வலை பின்னி, அதன் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்குவது இவற்றின் வழக்கம். ஸ்பிரிங்டெயில் எனப்படும் நுண்ணிய துள்ளும் உயிரிகளும் அசுவினிகளும் முக்கிய இரை. பெரும்பாலான உயிரினக் குழுக்கள் வெப்ப மண்டலத்தில்தான் செழித்திருக்கும். இந்தக் குடும்பம் நேர்மாறாக வடக்கின் மிதவெப்ப, குளிர் மண்டலங்களில் பெருகியிருக்கிறது. வெப்ப மண்டல மலைக்காடுகளின் சருகை இன்னும் போதிய அளவு யாரும் சலிக்கவில்லை என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

கண்டதற்கும் விவரித்ததற்கும் இடையே

ஒரு சிலந்தியை முதலில் பிடித்த நாளும், அது புதிய இனமாக வெளியான நாளும் மிகத் தள்ளியே இருக்கும். எல்லா உயிரினங்களையும் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, முதல் மாதிரி சேகரிப்புக்கும் பெயர் சூட்டலுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று காட்டியது. ஆகவே "புதிய" சிலந்தி, பெயரில்லாத குப்பியாக அலமாரியில் இருபது ஆண்டு காத்திருந்த ஒன்றாகவும் இருக்கலாம்.

பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 2000 ஜனவரி 1 முதல் அமலான நான்காம் பதிப்பு. முக்கியமானவை இவை:

1. பிற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைச் சொற்களில் எழுத வேண்டும். 1930-க்குப் பிறகு வந்த பெயர்களுக்குப் படம் மட்டும் போதாது.
2. ஹோலோடைப் எனப்படும் மூல மாதிரியாக ஒரே ஓர் உடலைக் குறிப்பிட வேண்டும். பெயர் அந்த உடலோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. எழுத்தாளரின் வருணனையில் பிழை இருந்தாலும், அந்த உடல் எந்த இனமோ அந்த இனத்துக்கே பெயர் போகும்.
3. அந்த மூல மாதிரி எந்தச் சேகரிப்பில் வைக்கப்பட்டுள்ளது என்று சொல்ல வேண்டும்.
4. மின்வடிவில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால், 2012 முதல், ஸூபேங்க் என்ற பதிவேட்டில் முன்னதாகப் பதிந்திருக்க வேண்டும்.

சிலந்திகளுக்கென்றே இந்த விதித்தொகுப்பில் ஒரு விலக்கு இருக்கிறது. விலங்குப் பெயர்கள் எல்லாம் லின்னேயஸ் என்ற இயற்கையியலாளரின் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து தொடங்குகின்றன. ஆனால் சுவீடனின் கார்ல் கிளெர்க் 1757-லேயே வெளியிட்ட சிலந்தி நூலின் பெயர்கள் அவற்றுக்கும் முந்தியவையாக ஏற்கப்படுகின்றன.

இனத்தின் பெயரைத் தொடர்ந்து, அதை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் வரும். எரிகோன் ஆட்ரா பிளாக்வால், 1833 என்று அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால், பிளாக்வால் வைத்த அதே பேரினத்திலேயே அது இன்றும் இருக்கிறது என்று பொருள். ஈடோதோராக்ஸ் கிப்போசஸ் (பிளாக்வால், 1841) என்று அடைப்புக்குறிக்குள் வந்தால், பின்னால் வந்தவர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். குள்ளச் சிலந்திகளில் இந்த அடைப்புக்குறி சர்வசாதாரணம்.

பிடிப்பதிலேயே ஆண்-பெண் கணக்கு சாய்ந்துவிடுகிறது

கையால் தேடி இவற்றைப் போதிய அளவு சேர்ப்பது கடினம். பெரும்பாலும் மூன்று வழிகள். ஒன்று, சருகைச் சலித்து, மேலே விளக்கு வைத்த புனலில் பரப்புவது. வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சி உயிரிகள் கீழே இறங்கி எத்தனால் குப்பியில் விழும். இரண்டு, புல்வெளிகளில் உறிஞ்சும் இயந்திரம். மூன்றாவது குழிப்பொறி. 7 முதல் 10 செ.மீ. வாயுள்ள கோப்பையை மண்ணில் புதைத்து, மூன்றில் ஒரு பங்குக்குப் புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றி, ஓரிரு சொட்டுச் சோப்புக் கரைசல் சேர்த்து, இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் மழைக்கூரை பொருத்துவார்கள்.

குழிப்பொறியில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. கோப்பையின் விளிம்பு மண்மட்டத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் துருத்தியிருந்தால் போதும், இரண்டு மில்லிமீட்டர் சிலந்திக்கு அது மதில், சுற்றிக்கொண்டு போய்விடும். சோப்பு சேர்க்காவிட்டால் நீர்ப்பரப்பு இழுவிசையால் சிலந்தி மூழ்காமல் மேலேயே நடந்து வெளியேறும். எத்தனாலை ஊற்றினால் சில நாளில் ஆவியாகிவிடும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. குடிக்க வரும் விலங்குகளுக்கு நஞ்சு. அதனால்தான் புரோப்பிலீன் கிளைக்கால்.

குழிப்பொறி நடமாட்டத்தைத்தான் அளக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் பெண்ணைத் தேடி அலையும். பெண்கள் வலையிலேயே இருக்கும். ஆகவே பொறிக்குள் ஆண்களே அதிகம் விழுகின்றன. பல குள்ளச் சிலந்தி இனங்கள் இன்றும் ஆணை மட்டும் வைத்து அறியப்பட்டிருப்பதற்கு இது ஒரு நேரடிக் காரணம். செய்தியில் "பெண் இன்னும் அறியப்படவில்லை" என்ற வரி இருந்தால், பெண் அரிதானது என்று பொருள் கொள்ளக் கூடாது. எந்த முறையில் தேடினார்கள் என்பதைத்தான் அது முதலில் சொல்கிறது.

பிடித்ததைச் சேமிப்பதிலும் ஓர் இழுபறி உண்டு. உடலமைப்பைப் பார்க்க 70 முதல் 75 விழுக்காடு எத்தனால் ஏற்றது. மூட்டுகள் வளைந்து கொடுக்கும். டி.என்.ஏ. வேண்டுமென்றால் 95 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும், குளிரிலும் வைக்க வேண்டும். ஆனால் அதில் உடல் விறைத்து, தொட்டால் கால் கழன்றுவிடும். எனவே ஒரே இடத்தில் கிடைத்தவற்றை இரண்டாகப் பிரித்து வைப்பதே நல்ல வழக்கம். இடம், ஆயத்தொலைவு, உயரம், வாழிடம், நாள், சேகரித்தவர் ஆகியவற்றை எழுதிய சீட்டு குப்பிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும். சீட்டில்லாத சிலந்தி எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் வகைப்பாட்டுக்கு ஏறக்குறையப் பயனற்றது.

இனத்தைப் பிரிக்கும் அரை மில்லிமீட்டர்

நிறம் உதவாது, எத்தனாலில் வெளுத்துவிடும். மொத்த நீளமும் ஓரளவுக்குத்தான் உதவும். வயிறு மென்மையானது, சாப்பிட்டிருந்தால் உப்பும், முட்டையிட்டிருந்தால் சுருங்கும், எத்தனாலில் வற்றும். அதனால்தான் அளவு அட்டவணைகளில் கடினமான தலைமார்பு ஓட்டின் நீள அகலத்துக்கு முதலிடம். தீர்ப்பு சொல்வது பாலுறுப்புகளே.

ஆண் சிலந்தி தன் வயிற்றடியில் வெளிவரும் விந்தைச் சிறு வலையொன்றில் சொட்டி, அதைப் பெடிபால்பின் நுனிக்குள் உறிஞ்சிக்கொள்ளும். கலவியின்போது பெண்ணின் உறுப்போடு பொருந்துவது இந்த நுனிதான். குள்ளச் சிலந்தியில் இதன் முக்கியப் பகுதிகள்:

1. சிம்பியம்: பெடிபால்பின் கடைசிக் கணு; குழிவான பகுதி மற்ற தகடுகளைத் தாங்குகிறது.
2. பாராசிம்பியம்: சிம்பியத்தின் அடியில் சவ்வால் இணைந்த கொக்கி. லினிஃபியிடே குடும்பத்தின் அடையாளங்களில் ஒன்று.
3. சப்டெகுலம், டெகுலம்: விந்துக்குழாய் உள்ளே வளைந்தோடும் கடினத் தகடுகள்.
4. சூப்ராடெகுலம்: டெகுலத்திலிருந்து எழும் நீட்சி, நுனி முளையின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும்.
5. எம்போலஸ் பகுதி: ராடிக்ஸ் என்ற அடித்தகடும், விந்தைச் செலுத்தும் எம்போலஸ் என்ற ஊசியும், பின்னோக்கிய வாலும் சேர்ந்தது. இனத்தைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் முதன்மை.
6. டிபியா முளை: மேலிருந்து பார்த்தாலே தெரியும். பல இனங்களை முதல் பார்வையில் பிரிக்க உதவுவது இதுதான்.

கலவியில் இரத்த அழுத்தம் ஏறி, தகடுகளுக்கு இடையிலுள்ள சவ்வுப் பைகள் வீங்க, தகடுகள் சுழன்று பெண்ணின் எபிஜைனோடு பற்றிக்கொள்ளும். எபிஜைன் என்பது பெண்ணின் வயிற்றடியில் இருக்கும் கடினத் தகடு. அதற்குள் நுழைவழிகளும் குழாய்களும் விந்துப்பைகளும் இருக்கின்றன. வெளித்தகடு இரண்டு இனங்களில் ஒன்றுபோலவே இருந்து, உட்குழாயின் வளைவு மட்டும் மாறியிருப்பது உண்டு. ஆகவே வெட்டியெடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மெல்லிய ஊசியால் எபிஜைனைப் பிரித்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்தால் தசை கரைந்து குழாய்கள் தெரியும். நேரம் தப்பினால் குழாய்ச் சுவரும் வெளிறித் துவண்டுவிடும். அதனால் சிலர் தசையை மட்டும் செரிக்கும் நொதிக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். மெதுவாக வேலை செய்தாலும் பாதுகாப்பானது. பார்த்து முடித்ததும் அந்தத் துணுக்கைத் தனி நுண்குப்பியில் இட்டு, அதே சிலந்தியோடு அதே குப்பியில் வைக்க வேண்டும். பிரித்த துணுக்கு தொலைந்துவிட்டால் அந்த மாதிரியே பாதி தொலைந்தது போலத்தான்.

ஆணில் வேறு சிக்கல். பெடிபால்ப் பாதி விரிந்த நிலையில் செத்த சிலந்தியின் தகடுகள் சாதாரண நிலையில் இருப்பதைவிட முற்றிலும் வேறு இடத்தில் நிற்கும். சற்றே சாய்த்து வரைந்தால்கூட எம்போலஸின் வளைவு வேறாகத் தெரியும். இப்படிக் கோணத்தால் பிறந்த "புதிய இனங்கள்" பின்னர் நீக்கப்பட்டிருக்கின்றன. ஒப்பிட வசதியாக இடது பெடிபால்பை வரைவது மரபு. வலது என்றால் சொல்லிவிட வேண்டும்.

இவற்றோடு காலின் மயிர்முள் கணக்கும் சேரும். நான்கு ஜோடிக் கால்களின் டிபியாவிலும் முதுகுப்பக்கம் எத்தனை முள் என்று 2-2-1-1 அல்லது 1-1-1-1 போல எழுதுவார்கள். காற்றசைவை உணரும் டிரைக்கோபோத்ரியம் என்ற நுண்மயிர், முதல் காலின் மெடாடார்சஸ் கணுவில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கணுவின் நீளத்துக்கு விகிதமாகத் தருவார்கள். வாசகருக்குச் சலிப்பூட்டும் எண்கள்தாம். ஆனால் ஆணிலும் பெண்ணிலும் இவை பெரும்பாலும் ஒத்திருப்பதால், எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்று முடிவு செய்ய இவை அரிய துணை.

முதிராத சிலந்தியில் பெடிபால்பும் எபிஜைனும் உருவாகியிருக்காது. ஆகவே குள்ளச் சிலந்தியின் குஞ்சை மட்டும் வைத்துப் புதிய இனம் விவரிப்பதை யாரும் ஏற்பதில்லை.

ஆணின் தலை

குள்ளச் சிலந்திகளின் வகைப்பாட்டிலேயே மிகச் சுவையான பகுதி இதுதான். பல இனங்களில் பெண்ணின் தலை வெறும் மேடாக இருக்க, ஆணின் தலையில் திமில், கோபுரம், பள்ளம், மயிர்க்கற்றை என்று ஏதாவது ஒன்று எழுந்திருக்கும். வால்கெனேரியா அகுமினாட்டா என்ற ஐரோப்பிய இனத்தில் ஆணின் கண்கள் மெல்லிய நீண்ட தண்டின் மேல் நிற்கின்றன. வேறு சிலவற்றில் கண்களுக்குப் பின்னால் குறுக்குப் பள்ளம் ஓடி, அதில் மயிர் அடர்ந்திருக்கும்.

இவை எதற்காக? அந்த இடத்தில் சுரப்பிகள் திறக்கின்றன. காதலாட்டத்தின்போதும் கலவியின்போதும் பெண் தன் வாயை ஆணின் தலைமேல் வைத்து அந்தச் சுரப்பை உட்கொள்கிறது. ஹைப்போமா பைடியூபர்குலாட்டம் என்ற இனத்தில் பெண் தன் விஷப்பற்களையே ஆணின் தலைப் பள்ளங்களில் ஊன்றிக்கொள்கிறது. பெண் தேர்ந்தெடுப்பதால் ஆணின் உறுப்பு வேகமாக மாறுகிறது. நெருங்கிய இனங்களிலும் தலை வடிவம் வெகுவாக வேறுபடுகிறது. இனம் பிரிப்பவருக்கு இது பெரும் வசதி.

அதே வசதி பொறியாகவும் மாறும். ஜான் பிளாக்வால் 1841-ல் இரண்டு இனங்களுக்குப் பெயர் வைத்தார். ஒன்றின் பெயர் கிப்போசஸ். அதன் ஆணின் தலைமார்பில் திமிலும் அதன் முன்னே மயிரடர்ந்த பள்ளமும் இருந்தன. மற்றொன்று டியூபரோசஸ், ஆணுக்கு அந்தத் திமில் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு நெருங்கிய காலம் இரண்டும் தனித்தனி இனங்களாகவே நின்றன. இரண்டு வகை ஆண்களின் பெடிபால்பும் ஒன்றேதான், பெண்களைப் பிரிக்கவே முடியவில்லை என்பதெல்லாம் உறுத்தலாகவே இருந்தது. 1988-ல் இரண்டும் ஒரே இனத்தின் இருவகை ஆண்கள் என்று காட்டப்பட்டது. ஒரே தாயின் மகன்களில் இருவகையும் பிறக்கலாம். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் இடம் (மரபிடம்) இதைத் தீர்மானிக்கிறது. திமில் வடிவம் ஓங்குதன்மை உடையது. பின்வந்த மரபணுத்தொகுப்பு ஆய்வு, திமிலுள்ள ஆண்களிடம் சுமார் 30 லட்சம் எழுத்துகள் நீளமுள்ள கூடுதல் டி.என்.ஏ. துண்டு இருப்பதையும், பால்வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் டபுள்செக்ஸ் மரபணுவின் நகல் ஒன்று அதற்குள் இருப்பதையும் காட்டியது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. தலை மட்டும் மாறி, பெடிபால்ப் மாறாமல் இருந்தால் அதைப் புதிய இனம் என்று அறிவிக்க அவசரப்படக் கூடாது. புதிய குள்ளச் சிலந்தி பற்றிய கட்டுரையில், தலையின் படம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், கண் முதலில் போக வேண்டிய இடம் எம்போலஸின் படமே.

ஜோடி சேர்ப்பதும் டி.என்.ஏ. சான்றும்

ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பிடித்தால், இரண்டும் ஒரே இனமா என்பது ஊகம்தான். ஒரே பொறியில், ஒரே பருவத்தில், பலமுறை சேர்ந்தே கிடைத்தால் ஊகம் வலுப்பெறும். முள் கணக்கும் டிரைக்கோபோத்ரிய விகிதமும் ஒத்துப்போனால் இன்னும் வலு. ஆனால் சருகின் ஒரு சதுர மீட்டரிலேயே பல குள்ளச் சிலந்தி இனங்கள் ஒன்றாக வாழ்வதால், தவறான ஜோடிகள் அச்சேறியிருக்கின்றன. ஓர் இனத்தின் ஆணுக்கு ஒரு பெயர், அதே இனத்தின் பெண்ணுக்கு வேறு பெயர் என்று ஆனதும் உண்டு. அது தெரியவந்தால் முந்திய பெயர் நிற்கும், பிந்தியது இணைப்பெயராகும்.

இங்கேதான் டி.என்.ஏ. பார்கோடு உதவுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.1 மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் படித்து ஒப்பிடுவார்கள். இரண்டு மில்லிமீட்டர் சிலந்தியின் ஒற்றைக் காலில் சில சமயம் போதிய டி.என்.ஏ. கிடைக்காது. அப்போது முழு உடலையும் புரோட்டீனேஸ் கரைசலில் ஊறவைத்து, தசையிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துவிட்டு, மேலோட்டைச் சிதையாமல் திரும்பக் குப்பியில் வைக்கலாம்.

ஆனால் பார்கோடு தனியாகத் தீர்ப்பளிக்கக் கூடாது. குள்ளச் சிலந்திகளில் வோல்பாக்கியா, ரிக்கெட்சியா போன்ற பாக்டீரியாக்கள் உயிரணுக்களுக்குள் வாழ்வது அடிக்கடி காணப்படுகிறது. இவை தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும். மைட்டோகாண்ட்ரியாவும் அப்படியே. பாக்டீரியா ஒன்று ஒரு கூட்டத்தில் வேகமாகப் பரவினால், அது ஏறிவந்த தாய்வழியின் மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவும். விளைவாக, ஒரே இனத்துக்குள் இரண்டு பார்கோடுகள் தென்படலாம். அல்லது இரு இனங்களுக்கு ஒரே பார்கோடு அமையலாம். உடலமைப்பு, உட்கரு மரபணு, பார்கோடு மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் வாதம் உறுதியாக நிற்கும்.

அறிவிப்பை வாசிக்கும்போது கேட்க வேண்டியவை

1. எத்தனை மாதிரிகள், எந்தப் பால்? ஒரே ஓர் ஆணை வைத்து விவரிப்பது விதிப்படி செல்லும். ஆனால் ஓர் இனத்துக்குள் எவ்வளவு மாறுபாடு உண்டு என்பதை ஒற்றை உடல் சொல்லாது.
2. எவற்றோடு ஒப்பிட்டார்கள்? நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளை நேரில் பார்த்தார்களா, பழைய படங்களை மட்டும் பார்த்தார்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் வருணனைகள் பல இரண்டு மூன்று வரிகள்தாம், படமே இருக்காது. மூல மாதிரியை இரவல் வாங்கிப் பார்க்காமல் அந்தப் பெயர்களை ஒதுக்க முடியாது. இந்தப் பட்டியலில் நாம் மிகவும் அழுத்திச் சொல்வது இதைத்தான்.
3. பேரினமும் புதிதா? குள்ளச் சிலந்திகளில் ஒரே இனத்தை மட்டும் கொண்ட பேரினங்கள் ஏராளம். எங்கே சேர்ப்பது என்று தெரியாதபோது புதிய பேரினம் படைப்பது எளிய வழியாகிவிட்டது. உறவுமுறை ஆய்வு எதுவும் இல்லாத புதிய பேரினத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது.
4. மூல மாதிரி எங்கே? தனியார் அலமாரியில் இருந்தால் அடுத்தவர் சோதிப்பது கடினம். பொதுச் சேகரிப்பும் நிரந்தரமில்லை. 2010-ல் சாவோ பாவ்லோவின் புட்டான்டன் நிறுவனத்திலும், 2018-ல் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகத்திலும் நேர்ந்த தீயில் பெரும் சிலந்திச் சேகரிப்புகள் அழிந்தன. துணை மாதிரிகளை இரண்டாவது நிறுவனத்தில் வைப்பது இதற்காகத்தான்.
5. உலகச் சிலந்திப் பட்டியலில் ஏறிவிட்டதா? சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் இந்த இணையப் பட்டியலில் 2022 ஏப்ரலில் 50,000-ஆவது இனம் பதிவானது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பெயர்கள் சேர்கின்றன. எது இணைப்பெயரானது, எது வேறு பேரினத்துக்குப் போனது என்பதும் இங்கேதான் தெரியும்.

"இங்கு மட்டுமே வாழ்கிறது" என்ற கூற்று

செய்திகளில் மிக எளிதாக நுழையும் கூற்று இது. ஓரிடத்தில் மட்டும் கிடைத்தது என்பதும், ஓரிடத்தில் மட்டும் வாழ்கிறது என்பதும் வேறு வேறு. குள்ளச் சிலந்திகளில் பல காற்றில் பறப்பவை. புல்நுனியில் ஏறி, கால்நுனிகளில் நின்று, வயிற்றை உயர்த்தி, நூலை வெளியே விட, அது சிலந்தியைத் தூக்கிச் செல்லும். 1832-ல் பீகிள் கப்பல் தென் அமெரிக்காவின் பிளாட்டா ஆற்று முகத்தில் கரையிலிருந்து அறுபது மைல் தொலைவில் இருந்தபோது, இப்படி நூலோடு பறந்துவந்த சிலந்திகள் பாய்மரக் கயிறுகளில் திரளாக இறங்கியதை டார்வின் பதிவு செய்திருக்கிறார். காற்றசைவே இல்லாத பெட்டிக்குள் மின்புலத்தை மட்டும் உண்டாக்கியபோதும் லினிஃபியிடே சிலந்திகள் எழும்பின என்று 2018-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்படியானால் குள்ளச் சிலந்திகள் எல்லாமே எங்கும் பரவியிருக்குமா என்றால், இல்லை. வயல்வெளி போல நிலையற்ற இடங்களில் வாழ்பவை அதிகம் பறக்கின்றன. குறிப்பிட்ட வாழிடத்தையே நம்பியவை பறக்கத் தயங்குகின்றன. தவறான இடத்தில் இறங்கினால் பிழைக்க வழியில்லை. ஆகவே குகையிலோ மலையுச்சிப் பாசியிலோ கிடைத்த புதிய இனத்துக்கு "இங்கு மட்டும்" என்பது நம்பத்தக்க ஊகம். கோதுமை வயலில் கிடைத்த ஒன்றுக்கு அதே கூற்றை ஏற்க அண்டைப் பகுதிகளிலும் தேடியிருக்க வேண்டும்.

பெயர் வந்தால் என்ன மாறும்?

பெயர் இல்லாத உயிரினத்தைச் சட்டத்தாலோ பட்டியலாலோ காக்க இயலாது. இதே லினிஃபியிடே குடும்பத்தின் நோத்தோஃபாண்டஸ் ஹாரிடஸ், சுமார் 2.5 மி.மீ. நீளமுள்ளது, 1995-ல் விவரிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒருசில சுண்ணாம்புக்கல் இடங்களில் மட்டுமே கிடைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றான பழைய கல்குவாரியில் வீடுகள் கட்டும் திட்டம் 2015-ல் மேல்முறையீட்டிலும் நிராகரிக்கப்பட்டது. அந்தச் சிலந்திக்கு நேரக்கூடிய கேடு அந்த வழக்கில் முக்கிய வாதம். பெயரும் விவரிப்பும் இல்லாதிருந்தால் அந்த வாதத்தை எழுப்பவே முடிந்திருக்காது.

அயலிலிருந்து வந்ததை அடையாளம் காணவும் பெயர்தான் வேண்டும். மெர்மெசஸ் டிரைலோபேட்டஸ் என்ற வட அமெரிக்கக் குள்ளச் சிலந்தி ஐரோப்பாவின் புல்வெளிகளில் பரவியிருக்கிறது. அதன் பெடிபால்ப் வட அமெரிக்காவில் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான், ஐரோப்பாவில் கிடைத்தபோது அதை உள்ளூர்ப் புதிய இனம் என்று யாரும் அறிவிக்காமல், வந்தேறி என்று கண்டுகொள்ள முடிந்தது.

வயலிலும் இதே தேவைதான். ஐரோப்பியத் தானிய வயல்களில் மண்மட்டச் சிலந்திகளில் பெரும்பங்கு இந்தக் குடும்பத்தவையே. அசுவினிகள் பெருகத் தொடங்கும் முன்பே வயலில் இறங்கிவிடுகின்றன. எந்த இனம் எப்போது வருகிறது, உழவுக்கும் பூச்சிக்கொல்லிக்கும் எது தாங்குகிறது என்பதையெல்லாம் "சிறு சிலந்தி" என்ற ஒரே தலைப்பின் கீழ் எண்ணினால் அறிய முடியாது. எரிகோன் ஆட்ராவுக்கும் எரிகோன் டென்டிபால்பிஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெடிபால்பின் டிபியாவில் பார்த்துப் பிரித்து எண்ண வேண்டும்.

புதிய இனம் என்று இன்று வந்த பெயருக்கு அடுத்த கட்டம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: விடுபட்ட பால் கிடைக்கும், இரண்டாவது இடத்திலிருந்து மாதிரி வரும், யாரோ ஒருவர் மூல மாதிரியை மறுபடி திறந்து பார்த்து, பேரினத்தை மாற்றுவார் அல்லது பழைய பெயர் ஒன்றோடு இணைப்பார். மாற்றம் வந்தால், முதலில் விவரித்தவர் பிழை செய்தார் என்று எப்போதும் ஆகிவிடாது. அவர் மாதிரியையும் படத்தையும் ஒழுங்காக விட்டுச்சென்றதால்தான் மறுபரிசீலனையே நடக்கிறது.